அட்லாண்டிக்கில் ஏழு புள்ளி

அன்புள்ள அம்மா,



சவுத்தாம்ப்டனில் கப்பலேறிவிட்டேன். நியூயார்க் போய்ச்சேர ஏழு இரவு. நடுவில் ஊருமில்லை, தீவுமில்லை. கப்பலில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பஞ்சப்படி உண்டா என்று அப்பா கேட்டாராமே! சம்பளமே கிடையாது என்று பக்குவமாகச் சொல். அறையும் சாப்பாடும் இலவசம்.

கப்பல் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். நம் டில்லி சரோஜினி நகரில் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு 2025 ஜனவரியில் 28 டவர் திறந்தார்களே, அதில் ஒன்றைப் படுக்கப் போட்டு மிதக்க விட்டதுபோல் இருக்கிறது. ஆட்களும் அதே மாதிரிதான். மூட்டுவலி, பேரப்பிள்ளை, பென்ஷன் என்று காலையில் பார்க்கில் அப்பா கோஷ்டி பேசுவதையே இங்கே இங்கிலீஷில் பேசுகிறார்கள். மார்க்கெட் மட்டும் நம்முடையது மாதிரி இல்லை. கப்பல் கடையில் ஒரு ஸ்வெட்டரைப் பாதி விலைக்குக் கேட்டுவிட்டு, வழக்கம்போல் நாலடி நடந்து பார்த்தேன். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

மேற்கே போவதால் ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். அன்றைக்கு 25 மணி நேரம்! உனக்கு ஒருநாளும் கிடைக்காத அந்த ஒரு மணி, இங்கே யாருக்கும் வேண்டாமல் கிடக்கிறது. அதனால்தான் என் வகுப்பில் உட்கார இடமில்லை. கலை ஆர்வம் என்று நினைத்துக்கொள்ளாதே.

முதலில் வாட்டர்கலர். எல்லோருக்கும் கடலைத்தான் வரைய வேண்டுமாம். கடலோ சும்மா இருந்தால்தானே! ஒரு பாட்டியின் தூரிகைத் தண்ணீர்க் கப் மேஜையில் சறுக்கிப் போய், பக்கத்துப் பாட்டியின் சூரிய அஸ்தமனத்தின் மேல் கவிழ்ந்தது. அஸ்தமனம் முழுவதுமாய் அஸ்தமித்தது. கோவாக்காரச் சர்வர் ஒருவர் பேசாமல் வந்து மேஜை விரிப்பை நனைத்துவிட்டுப் போனார். ஈரத்துணியில் பாத்திரம் வழுக்காதாம், கப்பல்காரர்களின் பழைய வித்தை. கலைக் கல்லூரியில் இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மறுநாள் ஒரு தாத்தா நாலு புகைபோக்கியோடு ஒரு கப்பல் வரைந்து, எதிரே பனிமலையும் வைத்தார். டைட்டானிக் கிளம்பியதும் சவுத்தாம்ப்டனிலிருந்துதான், 1912-ல். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் உன் கைவேலையை எடுத்தேன். டெக்கில் அரிசி மாவு தூவினால் காற்று அதை அமெரிக்காவுக்கு நமக்கு முன்னாலேயே கொண்டுபோய்விடும். காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நாலு வரை வைக்கச் சொல்லி, சிக்குக் கோலம் போட வைத்தேன். கோடு கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும், எந்தப் புள்ளியும் விட்டுப்போகக் கூடாது என்றதும் ஆண்கள் எல்லோரும் போட்டிக்கு வந்துவிட்டார்கள். ரிடையரான இன்ஜினியர் ஒருவர் மூன்று காகிதம் கிழித்தார், சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களிலேயே கோலத்தைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக ஆராய்ந்தவர்கள் என்றேன். "உங்கள் அம்மாவும் அந்தக் கல்லூரியா?" என்றார். "இல்லை, அவள் மார்கழிக் குளிரில் டில்லி வாசலில் படித்தவள்" என்றேன். கப்பல் ஆடினால் கடல் படம் கெடும், கோலம் கெடுவதில்லை. கோடு கோணினாலும் சிக்குக்குள் மறைந்துபோகிறது.

புது வீட்டில் வாசல் இல்லாமல் லிப்ட் எதிரே கோலம் போடுகிறாய் என்று அண்ணி சொன்னாள். போடு, யார் முணுமுணுத்தாலும் விடாதே. உன் கோல நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல் அண்ணாவை, சிக்குக் கோலங்கள் முதலில். வீடியோ வேண்டாம், இந்தக் கப்பலில் நெட் நகர மாட்டேன் என்கிறது. நியூயார்க் வருவதற்குள் கிடைத்தாக வேண்டும், இன்ஜினியர் தாத்தா தினமும் கேட்கிறார்.

உன் அன்பு மகள்