மட்கார்டைத் திட்டாதீங்க

கேள்வி: தாத்தாவின் மொரிஸ் மைனருக்குப் புது பின் மட்கார்ட் வாங்கினேன். ஆணித் துளைகள் எதுவும் பொருந்தவில்லை. சாமான் பிழையா, டிங்கர் பாஸ் பிழையா? - வாசகர், கலவான

பதில்: மழைதான் முதல் குற்றவாளி தம்பி. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் தகரத்தை இத்தனை வருஷம் நிறுத்திவைத்துவிட்டு பாஸைத் திட்டலாமா?

மைனரின் பின் மட்கார்ட் வெல்டிங் இல்லை, போல்ட்டில் நிற்கிறது. அது பிடித்துக்கொள்ளும் பாடி விளிம்பு துருப்பிடித்துக் கரைந்திருந்தால், துளை எங்கே இருக்கும்? மட்கார்டைத் தட்டி வளைக்காமல் முதலில் அந்த விளிம்புக்குத் தகடு போடச் சொல்லுங்க. அப்படியே உள்ளே ஸ்பிரிங் மாட்டும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்க. உள்ளே போனால் மட்கார்ட் கதையை மறந்துவிடுங்க, அது வேறு செலவு.

பிறகு எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, இடையில் பீடிங் வைத்து, கதவோரக் கோடு நேரானதும் இறுக்கலாம். பெயின்ட் அதற்குப் பிறகுதான்.

பொருந்தாததற்கு வெட்கப்படாதீங்க. இதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸே, ஒல்லியாகத் தெரிகிறது என்று மாதிரி வண்டியை நடுவில் அறுத்து 4 அங்குலம் அகலமாக்கியவர். பொனட் நடுவில் ஓடும் பட்டை அந்தத் தையல்தான்! 1948இல் வந்த அந்த வண்டிக்கு 1990களில் இலங்கையிலேயே தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் வண்டிக்கு நம்ம ஊர்ச் சட்டை!

தாத்தா உயிரோடு இருந்தால், பழைய மட்கார்டை மட்டும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீங்க.