கொசுறியல்: காசில்லாமல் வரும் கறிவேப்பிலை மனித உள்ளத்தை உயர்த்தும் விதம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மகிழ்ச்சியைப் பற்றி எழுதிய பெரியோர் எல்லாம் பெரிய மகிழ்ச்சிகளையே எடுத்துக்கொண்டார்கள். வீடுபேறு, மெய்ஞ்ஞானம், காதல், புகழ் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவை எதுவும் செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு, கையில் பையும் காலில் வலியுமாகக் காய்கறிக் கடை முன் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதை வாங்கிக்கொண்டு நடக்கும்போது அவர் முதுகு சற்றே நிமிர்கிறது. இந்த நிமிர்வை இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் தனித்துறை வைத்து ஆராயவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வரையறை

வாங்கிய பொருளுக்கு விலை பேசி, எடை போட்டு முடித்தபின், எடையிலும் விலையிலும் சேராமல் விற்பவர் கையால் பைக்குள் விழுவது கொசுறு.

இவ்வரையறையின் ஒவ்வொரு சொல்லும் முக்கியமானது. எடை போடுவதற்கு முன் கேட்டால் அது பேரம். கடையை விட்டுப் பத்தடி போய்த் திரும்பி வந்து கேட்டால் யாசகம். விற்பவர் திரும்பியிருக்கும்போது நாமே எடுத்துப் போட்டுக்கொண்டால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு. தராசுத் தட்டு கீழே இறங்கியதற்கும் சில்லறை கைமாறுவதற்கும் இடைப்பட்ட சில விநாடிகளே கொசுறுக்குரிய முகூர்த்தம். “அக்கா, கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க” என்னும் வாக்கியம் அந்த இடைவெளிக்குள் சரியாகப் பொருந்தும் நீளத்தில் அமைந்திருப்பதைக் கவனிக்க.

3. வகைப்பாடு

அ) இலைக் கொசுறு: கறிவேப்பிலை, கொத்தமல்லி. இவ்வினத்தின் தாய்வகை இதுவே. கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் உள்ள ‘கோனிகி’, 1768ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவருமான யோகான் கெர்ஹார்ட் கோனிக்கைக் குறிப்பது. வைத்தியம் பார்க்க வந்தவருக்குச் சாகாத பெயரும் சேர்ந்து கிடைத்தது. இதையும் ஒரு கொசுறாகத் தாவரவியலார் பதிவு செய்யத் தவறிவிட்டனர்.

ஆ) முழக் கொசுறு: பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து முடித்தபின், அறுப்பதற்கு முன் விட்டுக்கொடுக்கும் இரண்டு கண்ணி மல்லிகை. அளவுகோல் அவருடைய கையே என்பதால், நீண்ட கை உடையவரிடம் வாங்குவோர் கொசுறை முன்பணமாகவே பெற்றுவிடுகின்றனர்.

இ) திரவக் கொசுறு: பால்காரர் அளந்து ஊற்றியபின் சாய்க்கும் ஒரு சிறு வீச்சு. கரும்புச்சாறுக் கடையில் பாதி குடித்த தம்ளரில் வந்து விழும் ஜக்கின் மிச்சம். முன்னது பாக்கெட்டின்மேல் ‘500 மி.லி.’ என்று அச்சிடப்பட்ட நாளில் அழிந்தது. பின்னது இன்னும் உயிருடன் உள்ளது.

ஈ) தூள் கொசுறு: பஜ்ஜிக் கடையில் அரிகரண்டியில் தங்கும் மாவுத்தூள். பஜ்ஜியைவிட இதுவே சுவையானது என்பது சிறுவர் உலகின் ஒருமித்த முடிவு.

உ) தூதுக் கொசுறு: மளிகைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் கையில் கடைக்காரர் வைக்கும் அச்சுவெல்லத் துண்டு அல்லது ஒரு பிடி பொட்டுக்கடலை. பொருள் வீட்டுக்கு, கொசுறு தூதருக்கு. அடுத்த முறையும் பிள்ளை இதே கடைக்குத்தான் ஓடிவரும் என்பதைக் கடைக்காரர் அறிவார், பிள்ளையும் அறியும்.

இட்லிக் கடையின் இரண்டாம் கரண்டிச் சட்னியையும் பரோட்டாக் கடையின் சால்னாவையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று சிலர் வாதிடுவர். அவை உரிமைகள். கேட்டுக் கிடைக்காவிட்டால் சண்டை வரும் எதுவும் கொசுறாகாது.

4. போலிகள்

கடையில் ஒரு ரூபாய் சில்லறை இல்லை என்று கையில் வைக்கப்படும் மிட்டாயை எதிர்க்கொசுறு எனலாம். கொசுறுபோலவே தோன்றும், ஆனால் அது நம்முடைய பணம். 25 காசு நாணயம் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போனது. 50 காசு சட்டப்படி செல்லும், கடைப்படி செல்லாது. இந்த வெற்றிடத்தில்தான் மிட்டாய் சட்டப்பூர்வமற்ற நாணயமாக உலவுகிறது. அதைத் திரும்பக் கொடுத்துப் பொருள் வாங்க முயன்றால் அதன் உண்மை மதிப்பு உடனே தெரியும்.

ஜவுளிக்கடைக் கட்டைப்பை, நகைக்கடைப் பர்ஸ், மளிகைக்கடைத் தினசரிக் காலண்டர் ஆகியவை நிறுவனக் கொசுறுகள். மூன்றிலும் கொடுத்தவர் பெயர் பெரிதாக அச்சாகியிருக்கும். கறிவேப்பிலையில் யாரும் பெயர் அச்சிடுவதில்லை.

‘20 விழுக்காடு கூடுதல்’ என்று அட்டையில் போட்டு வரும் பற்பசை எவ்வகையிலும் சேராது. அந்தக் கூடுதலைப் பிதுக்கும்போது எவர் முதுகும் நிமிர்ந்ததில்லை.

5. முன்னோர் ஆய்வுகள்

13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டியின் எடை குறைந்தால் தண்டனை உண்டு. அதற்கு அஞ்சிய ரொட்டிக்காரர்கள் டஜனுக்குப் பதின்மூன்றாகக் கொடுத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அச்சத்தில் பிறந்ததால் கொசுறியல் இதைக் காப்பீட்டுத் தவணை என்றே கணக்கில் கொள்கிறது.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், பொருள் வாங்கியபின் கொசுறு கேட்டுப் பெறும் வழக்கத்தைக் கண்டு வியந்து மார்க் ட்வைன் 1883ல் எழுதினார். அங்கும் கேட்பவர்களில் கடைக்கு வந்த பிள்ளைகள் உண்டு. தூதுக் கொசுறு உலகப் பொதுவானது என்பதற்கு இது சான்று.

1972ல் ஆலிஸ் ஐசன், பவுலா லெவின் என்னும் இரு உளவியலாளர்கள் பொதுத் தொலைபேசிகளின் காசு திரும்பும் குழியில் ஒரு சிறு நாணயத்தை விட்டுவைத்தார்கள். அதைக் கண்டெடுத்தவர்கள், வழியில் காகிதங்களைத் தவறவிட்ட ஒருவருக்கு உதவ மற்றவர்களைவிட மிக அதிகமாக முன்வந்தார்கள். பின்னர் வேறு சிலர் செய்து பார்த்தபோது இதே விளைவு வரவில்லை. நமக்கு இதில் வியப்பில்லை. அந்த நாணயத்தைக் கொடுத்த கை எங்கே?

பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், சிறு ஆதாயங்களைச் சேர்த்துக் கொடுப்பதைவிடத் தனித்தனியாகக் கொடுத்தால் மனம் அதிகம் மகிழும் என்று 1985ல் எழுதினார். சந்தைக்குப் போய்வரும் எந்தப் பாட்டியும் இதற்கு அணிந்துரை எழுதியிருக்கலாம்.

6. கோட்பாடு

இனி மையப் புதிருக்கு வருவோம். அரைக் கிலோ கத்தரிக்காயில் இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னால், “கட்டாதும்மா, வாங்குன விலையே வரல” என்று காய்கறிக்கார அக்கா உறுதியாக மறுக்கிறார். நாமும் விடுவதில்லை. கடைசியில் அவர் வென்று, முழு விலைக்கே எடை போடுகிறார். அடுத்த கணமே, அந்த இரண்டு ரூபாயைவிடக் கூடுதல் மதிப்புள்ள இலையை அள்ளிப் பையில் திணிக்கிறார். கணக்குப் பதிவியல் இதை விளக்காது.

கொசுறியல் விளக்கும். விலையைக் குறைத்தால் விற்பவர் தோற்றவர் ஆகிறார். இலையைக் கொடுத்தால் கொடையாளி ஆகிறார். வாங்கியவரும் விலையில் தோற்ற வருத்தத்தை அங்கேயே மறக்கிறார். குறைத்த இரண்டு ரூபாய் தெருமுனை தாண்டுமுன் நினைவிலிருந்து போய்விடும். கடைசியாக விழுந்த இலையோ பையின் மேலே தலைநீட்டிக்கொண்டு வீடு வரை உடன் வரும். பையைத் திறப்பவர் முதலில் காண்பதும் அதைத்தான்.

கொல்லையில் கறிவேப்பிலை மரம் உள்ளவர்களும் கடையில் கொசுறு கேட்கிறார்கள் என்பது கோட்பாட்டுக்கு வலுச் சேர்க்கிறது. அவர்களுக்கு வேண்டியது இலை அன்று. நாள் முழுதும் அலுவலகத்திலும் பேருந்திலும் வரிசையிலும் அளந்து நடத்தப்பட்ட ஒருவரை, ஒருவர் அளக்காமல் நடத்துகிறார். அதற்காகத்தான் முதுகு நிமிர்கிறது.

7. மறுப்புகளும் விடைகளும்

“கொசுறின் விலை கத்தரிக்காய் விலையிலேயே அடங்கியிருக்கிறது” என்பார் பொருளாதார அறிஞர். இருக்கலாம். பேரங்காடியிலும் அதே விலைதான். அங்கே கறிவேப்பிலை நெகிழிப் பையில், பட்டைக்கோட்டோடு, குளிரில் விறைத்துக் கிடக்கிறது.

“கறிவேப்பிலை மட்டுமே வாங்குபவருக்குக் கொசுறு எது?” என்னும் வினா கறிவேப்பிலை முரண்புதிர் எனப்படும். களத்தில் இது எளிதாகத் தீர்கிறது: “வெறும் கறிவேப்பிலையா? சும்மா எடுத்துட்டுப் போ கண்ணு.” முழுக் கொள்முதலும் கொசுறாகிவிடும் அரிய நிகழ்வு இது. விலை ஏறிய மழைக்காலத்தில் கொத்தமல்லியை வைத்து இதை முயல வேண்டாம்.

8. அண்மைக் காலப் போக்குகள்

2024 மே மாதம், செயலி வழியே காய்கறி வாங்கியபோது கொத்தமல்லிக்குத் தனியாகக் காசு கொடுக்க நேர்ந்த மும்பைத் தாய் ஒருவர் அதிர்ந்து போனார். மகன் அதை இணையத்தில் எழுத, அச்செயலியை நடத்தும் பிளிங்கிட் நிறுவனம் குறிப்பிட்ட அளவு காய்கறி வாங்குவோருக்குக் கொத்தமல்லியை இலவசமாகத் தரத் தொடங்கியது. ஓர் அம்மாவின் திகைப்பு மென்பொருளையே திருத்திய இந்நிகழ்வு வரலாற்றில் இடம்பெறத் தக்கது. ஆயினும் நம் ஆய்வு ஒரு குறையைச் சுட்டியாக வேண்டும். ரசீதில் ‘கொத்தமல்லி’ என்று ஒரு வரி எழுதி எதிரே சுழியம் அச்சிட்டால், அதுவும் கணக்குக்குள் வந்துவிட்டது.

9. முடிவும் பரிந்துரையும்

இக்கட்டுரையில் புள்ளிவிவரம் இல்லை என்று தேர்வாளர்கள் குறை கூறக்கூடும். கொசுறை எடை போட்ட மறுகணம் அது சரக்காகிவிடுவதால், தரவு திரட்டல் இத்துறையில் முறையியல்படியே இயலாது.

2009ஆம் ஆண்டின் சட்ட அளவியல் சட்டம் எடை குறைத்துக் கொடுப்பவரைத் தண்டிக்கிறது. கூட்டிக் கொடுப்பவரைக் கண்டுகொள்ளவில்லை. சட்டத்தின் இந்த மௌனத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும். தலைக்கு இத்தனை ஈர்க்கு என்று விதி வகுத்து, வாரியம் அமைத்து, அட்டை வழங்கி, விரல்ரேகை பதித்துக் கறிவேப்பிலை கொடுக்கத் தொடங்கினால், எல்லோருக்கும் கிடைக்கும். எவருக்கும் கிடைத்ததாகத் தோன்றாது. ஆகவே, இவ்வாய்வின் முடிவுகளை எந்த அரசும் எந்த நிறுவனமும் நடைமுறைப்படுத்தக் கூடாது என்பதே இதன் ஒரே பரிந்துரை.