இருமலும் எழுந்து நிற்றலும்: முன்னோட்டக் காட்சி அவையோரின் மெய்ப்பாடுகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நியூயார்க்கின் 42ஆம் தெரு அவர் கண்முன் இருந்திருக்க நியாயமில்லை. இருந்திருந்தால் இருமலை ஒன்பதாவதாகச் சேர்த்திருப்பார் என்பது இக்கட்டுரையின் துணிபு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகிய எட்டும், ஒவ்வொன்றுக்கும் நான்காக முப்பத்திரண்டு நிலைக்களன்களும் முடிந்துபோன நாடகத்தைப் பார்ப்பவருக்குப் போதும். இன்னும் எழுதிக்கொண்டே இருக்கும் நாடகத்துக்கு முழு விலை கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிப் போதும்? இந்தக் குறையைப் போக்கவே இவ்வாராய்ச்சி. எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கு நல்கை தரவில்லை. நாமும் கேட்கவில்லை.

முதலில் ஆய்வுக்களம். நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ஒரு புதிய இசைநாடகம் முறைப்படி அரங்கேறுவதற்கு முன் சில வாரங்கள் பிரிவ்யூவாக, அதாவது முன்னோட்டமாக, நடக்கும். நம் ஊரில் பிரிவ்யூ என்றால் சினிமாக்காரர்கள் ஓசியில் அழைத்துப் படம் காட்டி, வெளியே வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு ‘எப்படி சார்?’ என்று கேட்பது. நாமும் ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டுக் கார் சாவியைத் தேடுவோம். அங்கே டிக்கெட் விற்கிறார்கள். பெரும்பாலும் தள்ளுபடியும் கிடையாது. பகலில் ஒத்திகை பார்த்து மாற்றியதை இரவில் ஆடிப் பார்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இருந்த பாட்டு வியாழக்கிழமை இருக்காது. விமர்சகர்கள் வரும் நாள் நெருங்கும்போதுதான் ‘இனி யாரும் கை வைக்கக் கூடாது’ என்று நாடகத்தை உறையவைப்பார்கள். அதுவரை இயக்குநரும் தயாரிப்பாளரும் கடைசி வரிசைக்குப் பின்னால் இருட்டில் நின்றபடி, மேடையை விட்டுவிட்டு, டிக்கெட் வாங்கியவர்களின் பிடரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காசு கொடுத்து வந்தவரே காட்சிப் பொருளாவது இங்கேதான்.

இந்த ஆய்வுக்கு வாய்த்த மூலபாடங்களுள் தலைசிறந்தது ‘ஸ்பைடர்-மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்’. இயக்கம், ‘லயன் கிங்’கை மேடையேற்றிப் புகழ்பெற்ற ஜூலி டேமோர். இசை, யூ2 குழுவின் போனோவும் எட்ஜும். செலவு ஏறத்தாழ ஏழரைக் கோடி டாலர். முதல் முன்னோட்டம் 2010 நவம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, ஏறக்குறைய 1,900 பேர் அமரும் ஃபாக்ஸ்வுட்ஸ் அரங்கில் நடந்தது. ஆட்டம் தொடங்குமுன் தயாரிப்பாளர் மைக்கேல் கோல் மேடையேறி, நடுவில் காட்சியை நிறுத்த வேண்டி வரலாம் என்று சொல்லி வைத்தார். கம்பர் உட்பட நம் காப்பியப் புலவர்கள் பலரும் அவையடக்கம் பாடியிருக்கிறார்கள்; ஆனால் ‘என் காப்பியம் இடையில் அறுந்து தொங்கக்கூடும்’ என்று எவரும் பாடவில்லை. கோல் அந்தக் குறையையும் தீர்த்துவைத்தார்.

அறுந்து தொங்கத்தான் செய்தது. அன்றிரவு ஐந்து முறை ஆட்டம் நின்றது. ஸ்பைடர்-மேன் அவையோர் தலைக்கு மேலே பறந்து வந்தவர், பாதியில் நின்று, கொடியில் காயப்போட்ட வேட்டியாகத் தொங்கினார். கீழிருந்த மேடைப் பணியாளர்கள் அவர் காலை எட்டிப் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். மருட்கை என்னும் வியப்புக்கு நிலைக்களன் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு. ஒரே காட்சியில் நான்கும் அமைவது இலக்கியத்தில் அரிது, இங்கே அமைந்தது. பறப்பது புதுமை. ஏழரைக் கோடி டாலர் பெருமை. காலைப் பிடிக்கப் பாய்ந்த கைகள் சிறுமை. ஆக்கமாவது ஒன்று இன்னொன்றாகத் திரிவது. உலகைக் காக்கும் வீரன் கீழே இறக்கிவிட ஆள் தேடுபவனாகத் திரிந்ததைவிடப் பெரிய ஆக்கம் வேண்டுமா?

இனி வெகுளி. இரண்டாம் பாதியில் ஆட்டம் மறுபடி நின்றபோது அவையிலிருந்த ஒரு பெண்மணி எழுந்து, மற்றவர்கள் எப்படியோ, தான் ஒரு சோதனை எலியாக உணர்வதாக உரக்கச் சொன்னார். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆனால் அவையோர் அவரை எதிர்த்துத்தான் கூச்சலிட்டார்கள்.

அற்றேல், காசு கொடுத்தவர் குறை சொல்வது முறைதானே, அவர்போலவே காசு கொடுத்த ஏனையோர் அவரை அடக்கியது என்னை எனின், கூறுதும். சாதாரண நாடகத்துக்குப் போகிறவர் நாடகத்தை வாங்குகிறார். பிரிவ்யூவுக்குப் போகிறவர், பிற்காலத்தில் ‘நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்’ என்று சொல்லும் உரிமையை வாங்குகிறார். நாடகம் நன்றாக இருந்தால் அந்த உரிமைக்கு விலை உண்டு. படுமோசமாக இருந்தால் அதைவிட அதிக விலை உண்டு. ஆகவே அன்றைய அவையோருக்கு நின்றுபோன ஆட்டம் நட்டம் அல்ல, கைக்கு வந்த சரக்கு. பெண்மணி அதைக் குறை என்று சொன்னதும் தங்கள் சரக்கின் மதிப்பை யாரோ குறைத்துப் பேசிவிட்டதாக அவர்களுக்குக் கோபம் வந்தது. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று நான்கு காரணம் சொன்ன தொல்காப்பியர் இந்த ஐந்தாவதைச் சொல்லவில்லை. அவர் காலத்தில் முன்பதிவு இல்லை.

அச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கோடு ‘தலைக்கு மேல் தொங்கும் நடிகர்’ என்பதையும் சேர்க்கலாம் என்றுதான் எழுத இருந்தோம். டிசம்பரில் ஒரு சாகச நடிகர் இருபதடிக்கும் மேலிருந்து விழுந்து படுகாயம் அடைந்தார். அதன்பின் இதில் நகைக்கு இடமில்லை. ஆனால் அதற்குப் பிறகும் டிக்கெட் விற்றது, பல வாரங்களில் பத்து லட்சம் டாலருக்கு மேல். மனித மனத்தைப் பற்றி இந்த ஆராய்ச்சி கண்டெடுத்த உண்மைகளில் அழகற்றது இதுதான்.

இதே நாடகத்தில் செருப்புப் பாட்டு என்று ஒன்று இருந்தது. அராக்னி என்ற சிலந்திப் பெண் தெய்வமும் அவள் தோழியரும் நியூயார்க் பெண்களின் காலணிகளைத் திருடி, தங்கள் பல கால்களில் மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். இதைப் பார்த்த அவையோருக்கு என்ன மெய்ப்பாடு தோன்றியது என்று எட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம், ஒன்றும் பொருந்தவில்லை. நகை எனின், சிரிப்பு வரவில்லை. மருட்கை எனின், கதையில் அதற்கு வேலை இல்லை. பக்கத்து இருக்கைக்காரரைத் திரும்பிப் பார்த்து, அவருக்காவது புரிந்ததா என்று தேடும் அந்த முகத்துக்கு நம் இலக்கணத்தில் பெயர் கிடையாது.

அரங்கேற்ற நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். காத்திருந்து அலுத்த விமர்சகர்கள், மரபை மீறி, 2011 பிப்ரவரியில் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்து எழுதிவிட்டார்கள். அவையோரின் முணுமுணுப்பு அப்போதுதான் அச்சேறியது. மார்ச்சில் டேமோர் விலக நேர்ந்தது. மூன்று வாரம் போல அரங்கை மூடி நாடகத்தைத் திருத்தினார்கள், செருப்புகள் போயின. 182 முன்னோட்டங்களுக்குப் பிறகு, ஜூன் 14 அன்று ஒருவழியாக அரங்கேற்றம். பிராட்வேயில் அதற்கு முன் எந்த நாடகமும் இத்தனை முன்னோட்டம் கண்டதில்லை. 2014 ஜனவரி வரை ஆயிரம் காட்சிகளுக்கு மேல் ஓடியும் போட்ட பணம் திரும்பவில்லை.

இவ்வளவும் கூச்சலின் இலக்கணம். பிரிவ்யூவில் கூச்சலும் கைதட்டலும் நம்பத்தகாத சான்றுகள் என்பதே நாம் நிறுவ விரும்புவது. கைதட்டலை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று தட்டுவது இப்போது பிராட்வேயில் அன்றாட வழக்கம். முன்வரிசைக்காரர் எழுகிறார். அவர் முதுகு மறைப்பதால் பின்வரிசைக்காரர் எழுகிறார். மூன்றாவது வரிசைக்காரர் எப்படியும் கோட்டு எடுக்க எழவேண்டியவர். இப்படியாக உவகை என்னும் மெய்ப்பாடு அரங்கின் பின்பக்கம் வரை பரவுகிறது. ‘கேரி’ என்ற இசைநாடகம் 1988இல் முன்னோட்டம் தொடங்கியபோது ஒரே அவையில் எழுந்து நின்று ஆரவாரித்தவர்களும் இருந்தார்கள், ஊளையிட்டவர்களும் இருந்தார்கள். அரங்கேறியபின் ஐந்தே காட்சிகள். எழுபது லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. ஆரவாரித்தவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் வழக்கு என்னாகும்?

இருமல் அப்படியல்ல. கதையில் ஆழ்ந்தவருக்குத் தொண்டை இருப்பதே நினைவிராது. கவனம் அறுந்த நொடியில்தான் தொண்டை தன் இருப்பைத் தெரிவிக்கிறது. ஒருவர் செருமுகிறார், அதுவரை அடக்கியிருந்த நான்கு பேருக்கு அனுமதி கிடைக்கிறது. நாடகக்காரர்கள் இதை நெடுங்காலமாகவே அறிவார்கள். இருமல் எந்த வரியில் எழுகிறதோ அந்த வரியில் பென்சிலால் கோடு போடுவார்கள். ஆகவே ஒன்பதாம் மெய்ப்பாடாகிய இருமலுக்கும் நான்கு நிலைக்களன் வகுக்கிறோம்: குளிரூட்டி, கதைத்தொய்வு, மூன்றாவது சோகப் பாட்டு, அடுத்தவர் இருமல். முதலாவதை நாடகத்தின்மேல் ஏற்றலாகாது. மற்றவற்றை ஏற்றலாம்.

அவையோர் இருட்டில் தெரிவித்ததைச் சரியாகப் படித்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள். 1962இல் ‘எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்’ என்ற இசைநாடகம் வாஷிங்டனில் வெள்ளோட்டம் கண்டபோது, சிரிக்க வேண்டிய இடங்களில் அவை கல்லாக உட்கார்ந்திருந்தது. வந்து பார்த்த நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் வசனத்தில் குறை காணவில்லை. தொடக்கப் பாட்டில் கண்டார். மென்மையான காதல் பாட்டோடு திரை எழுந்ததால் மென்மையான கதைக்கு அவையோர் தயாராகிவிட்டார்கள். பிறகு கோமாளித்தனம் வந்தபோது எப்படிச் சிரிப்பது? நாடகத்தின் பாடல்களை இயற்றிய ஸ்டீபன் சோன்ட்ஹைம் ‘காமெடி டுநைட்’ என்ற புதுப் பாட்டை எழுதினார். ‘இன்றைக்குச் சிரிப்பு நாடகம்’ என்று முதலிலேயே தண்டோரா போட்டாயிற்று. பின்னால் வந்த அதே நகைச்சுவைகளுக்கு நியூயார்க் விழுந்து விழுந்து சிரித்தது. 964 காட்சிகள்.

அதே சோன்ட்ஹைமுக்கு 1981இல் அந்த மருந்து பலிக்கவில்லை. ‘மெரிலி வீ ரோல் அலாங்’ கதை பின்னோக்கி ஓடும். நடுவயதுக்காரர்களாக நடித்தவர்கள் இளம்பிள்ளைகள். முன்னோட்ட அவையோருக்கு யார் எவர் என்று பிடிபடவில்லை. கூட்டங்கூட்டமாக எழுந்து போனார்கள். இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸ் உடைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, பாத்திரம் இன்னார் என்று எழுதிய பனியன்களை மாட்டிவிட்டார். நெற்றியில் எழுதி ஒட்டாததுதான் பாக்கி. 52 முன்னோட்டம், 16 காட்சி. ஆனால் அதே நாடகம் 2023இல் பிராட்வேக்குத் திரும்பி, சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி விருதை 2024இல் பெற்றது. எழுந்து போனவர்கள் தவறு செய்தார்களா? இல்லை. அவர்கள் பார்த்த நாடகத்துக்கு அவர்கள் தீர்ப்பு சரி. இந்த இடத்தில் ஆராய்ச்சியாளரின் பணி முடிந்து தயாரிப்பாளரின் தலைவலி தொடங்குகிறது.

வல்லுநர் கணிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1943 மார்ச்சில் நியூ ஹேவனில் ‘அவே வீ கோ!’ என்ற நாடகத்தைப் பார்த்துவிட்டு நியூயார்க் திரும்பிய துறைசார்ந்த பெருமக்கள், ஆட்டக்காரிகளின் கால் தெரியவில்லை, ஜோக் இல்லை, ஆகவே தேறாது என்று செய்தி பரப்பினார்கள். பெயரை ‘ஓக்லஹோமா!’ என்று மாற்றி நியூயார்க்கில் இறக்கினார்கள். 2,212 காட்சிகள் ஓடியது. உள்ளூர் அவையோர் இருமினார்களா என்பதைக் கவனிக்காமல், கால்களை எண்ணியதன் விளைவு இது.

எனவே நியூயார்க் போகும் வாசகர்கள் பிரிவ்யூவின் முதல் வாரத்துக்கே டிக்கெட் எடுங்கள். பிடிக்காத இடத்தில் மரியாதைக்காகக் கைதட்டாதீர்கள். இருமல் வந்தால் அடக்காதீர்கள். இடைவேளையில் கழிவறை வரிசையில் நிற்கும்போது மனத்தில் பட்டதை உரக்கவே பேசுங்கள். பின்னால் நிற்பவர் தயாரிப்பாளராகவும் இருக்கலாம். தமிழில் பேசினால் மட்டும் பயனில்லை.