ஓரத்துக்குப் போகாதே!

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் ஆறு மாதம் தங்க வரும் பெற்றோருக்கு என்னென்ன காட்ட வேண்டும் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. லாஸ் வேகாஸ், ஹூவர் அணை, பிறகு அரிசோனா பாலைவனத்தில் கிராண்ட் கேன்யன். மூன்றாவது இடத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. அப்பா அம்மாவோடு போனால் அந்தப் பள்ளத்தாக்கை ஒழுங்காகப் பார்க்க முடியாதாம். விளிம்புப் பக்கம் விடமாட்டார்கள், கீழே இறங்க விடமாட்டார்கள், போன ஐந்தாவது நிமிடம் டிபன் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். அந்த இடத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்களே பெற்றோர்தான். அந்தத் தேசியப் பூங்காவின் நிர்வாகம் தொப்பி போட்ட ரேஞ்சர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சொல்லவைப்பதை அம்மாக்கள் இலவசமாகச் சொல்கிறார்கள். இலவசம் என்பதால் மதிப்பில்லாமல் போய்விட்டது.

முதலில் "ஓரத்துக்குப் போகாதே" என்பதை எடுத்துக்கொள்வோம். பள்ளத்தாக்கின் ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். மேதர் பாயின்ட் போன்ற சில இடங்களில் கம்பி வேலி உண்டு. மற்றபடி விளிம்பு திறந்துதான் கிடக்கிறது, உன் பாடு பள்ளத்தின் பாடு. இங்கே நடந்த மரணங்களைத் தொகுத்து மைக்கேல் கிக்லியேரி, தாமஸ் மையர்ஸ் என்ற இருவர் 2001இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார்கள். அதில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறவர்கள் இளவட்ட ஆண்கள். பத்தடி தள்ளி நின்று "பின்னாடி வாடா" என்று கத்தும் தாய்மார்களுக்கு அதில் தனி அத்தியாயம் கிடையாது. அடுத்தது "இறங்கினா ஏறணுமே" என்ற கேள்வி. மலையில் ஏறுபவன் களைத்துப்போனால் பாதியில் திரும்பிவிடலாம். பள்ளத்தாக்கிலோ சுலபமான பாதி முதலில் வந்து ஆளை ஏமாற்றும். ஏறுவதற்கு இறங்கியதைப்போல் இரண்டு பங்கு நேரம் பிடிக்கும், கோடையில் அடிவாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஒரே நாளில் அடிவாரத்தில் ஓடும் ஆற்றுவரை போய்த் திரும்ப முயலாதீர்கள் என்று பாதை முகப்பிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அதையும் மீறி ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் மீட்டுக்கொண்டுவர வேண்டியிருக்கிறது.

அடுத்த குற்றச்சாட்டு அம்மா தூக்கிவரும் பை. அதற்குள் ஸ்வெட்டர், மங்கி குல்லா, நான்கு பாட்டில் தண்ணீர், முறுக்கு, புளிசாதம், நார்த்தங்காய் ஊறுகாய். பாலைவனத்துக்கு எதற்கு மங்கி குல்லா என்று மகன் சிரிப்பான். தெற்கு விளிம்பு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், நம் ஊட்டியைவிடச் சற்றே தாழ்வாக இருக்கிறது. குளிர்காலத்தில் பனி கொட்டும், கோடையிலும் இரவு குளிரும். பூங்காவுக்குள் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் விற்பதை 2012இலேயே நிறுத்திவிட்டார்கள், ஆகவே வீட்டு பாட்டில் விவேகம். ஊறுகாய்க்கு மருத்துவச் சான்றே உண்டு. வெயிலில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆள் மயங்கிவிழலாம்; அதனால் உப்புச் சேர்ந்த தீனியும் தின்னுங்கள் என்பது பூங்காவின் அறிவுரை. அம்மாவின் சம்புடம் அதைத்தான் செய்கிறது, எண்ணெய் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

எல்லாம் சரி, ரசனை வேண்டாமா என்று கேட்கலாம். ஹூவர் அணையில் ஒரு மணி நேரம் நின்று கான்கிரீட் கணக்குப் பார்த்த மின்வாரிய அப்பா, கேன்யனை எட்டிப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்கிறாரே? இது புது விமர்சனமல்ல. 1858இல் அந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிய அமெரிக்க ராணுவ அதிகாரி ஜோசப் ஐவ்ஸ், இது எதற்கும் உதவாத பூமி, எங்களுக்குப் பிறகு வெள்ளைக்காரர் யாரும் வரப்போவதில்லை என்ற பொருளில் அரசுக்கு அறிக்கையே கொடுத்தார். இன்று ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அதற்கும் முன், 1540இல், கார்தெனாஸ் தலைமையில் வந்த ஸ்பானியர்கள் மேலே நின்று பார்த்துவிட்டு, கீழே ஓடும் கொலராடோ ஆற்றின் அகலம் ஆறடி இருக்கும் என்று நினைத்தார்கள். சுறுசுறுப்பான மூவர் இறங்கிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டாமல் சாயங்காலம் திரும்பி வந்து, மேலிருந்து ஆள் உயரமாகத் தெரிந்த பாறைகள் செவில் நகரத்துப் பெரிய கோபுரத்தைவிட உயரம் என்றார்கள். கூட ஓர் அம்மா இருந்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். ஆளோ மரமோ வீடோ பக்கத்தில் இல்லாவிட்டால் கண்ணுக்கு அளவு பிடிபடாது. எதையாவது தெரிந்ததோடு ஒட்டிப் பார்த்துத்தான் மனசு நிதானத்துக்கு வரும். ஸ்பானியருக்கு செவில் கோபுரம் என்றால் அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டனும் அந்தச் சிகரங்களைப் பார்த்துக் கோயில் என்றே நினைத்து, விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள் என்று பெயர் வைத்தார். பெயரைக் கேட்டதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வதை ரசனைக்குறைவு என்றால் டட்டனையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

காசுக் கணக்கு இன்னொரு புகார். காருக்கு 35 டாலர் என்றிருந்த நுழைவுக் கட்டணத்தோடு, 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவருக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். விசாவில் வந்த அப்பா அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்காமல் வேறென்ன செய்வார்? பெருக்கி முடித்தபின் அவர் கேட்கும் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது: "இந்தக் காட்டுல குழாய்த் தண்ணி எங்கேருந்து வருது?" மலையைக் காட்டிப் படம் எடுக்கும் கூட்டத்தில் இதைக் கேட்பவர் அவர் ஒருவர்தான். வடக்கு விளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீள அலுமினியக் குழாய் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, ஆற்றைக் கடந்து வருகிறது. அங்கிருந்து பம்ப் வைத்துத் தெற்கு விளிம்புக்கு ஏற்றுகிறார்கள். 2010க்குப் பிறகு மட்டும் அது 85 தடவைக்கு மேல் உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் உடைந்தபோது, தண்ணீர் இல்லாமல் தெற்கு விளிம்பு விடுதிகளில் இரவுத் தங்கலையே நிறுத்தவேண்டியதாயிற்று. குழாயைப் பற்றிக் கேட்டவர்தான் அந்த ஊரின் நாடியைப் பிடித்தவர்.

கடைசியாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பெற்றோரோடு போனால் வேகம் குறையும். அடிவாரம் வரை போய் ஆற்றில் கால் நனைக்கும் அனுபவம் கிடைக்காது, அது பெரிய அனுபவம்தான். தக்க பயிற்சியோடு இன்னொரு முறை போய்க்கொள்ளலாம். இவர்களோடு போகும்போது செய்யவேண்டியது, மேலே சமதளமாகப் போடப்பட்டிருக்கும் 'டிரெயில் ஆஃப் டைம்' என்ற பாதையில் நடப்பது. காலை வாக்கிங் விட்டுப்போனதே என்று புலம்பும் அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோன்ற பாதை. அங்கே ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருஷம் என்று கணக்கு. மீட்டருக்கு ஒரு வெண்கலக் குறி பதித்திருக்கிறார்கள். அடிவாரத்து விஷ்ணு பாறைக்கு வயது சுமார் 170 கோடி வருஷம், அதை எட்ட 1,700 மீட்டர் நடக்கவேண்டும். மனித இனம் முழுவதும் முதல் ஒரு முழத்துக்குள் முடிந்துவிடும். அம்மாவுக்கும் மகனுக்கும் முப்பது வயது வித்தியாசம் என்றால், அந்த அளவுகோலில் தலைமுறை இடைவெளி 0.03 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. இந்தத் துளி இடைவெளியை வைத்துக்கொண்டு "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று சொல்வதற்கு நிலவியலில் ஆதாரம் கிடையாது.