வோல்ட்டுக்காரர்

டெட்ராய்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கூடும் பிறந்தநாள் விருந்துகளில் அவரை அடையாளம் காண்பது சுலபம். எல்லோரும் வாசலை ஒட்டி வண்டி நிறுத்த இடம் தேடுவார்கள். அவர் மட்டும் கட்டடத்தின் பின்பக்கம் போய், சுவரில் எங்கேயாவது பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று அகப்பட்டுவிட்டால் பெண்ணுக்கு வரன் அமைந்த களை முகத்தில் வந்துவிடும். "120 வோல்ட்தான். 4 மணி நேரம் விருந்து நடந்தா 15 மைல் ஏறிடும்" என்பார். கேக் வெட்டத் தாமதமானால் சந்தோஷப்படுகிற ஒரே விருந்தாளி அவர்தான்.

அவரிடம் இருப்பது செவர்லே வோல்ட். ஜெனரல் மோட்டார்ஸ் 2010 டிசம்பரில் விற்க ஆரம்பித்து, 2019 பிப்ரவரியில் தயாரிப்பை நிறுத்திய வண்டி. வீட்டுக் கரண்டில் சார்ஜ் போடலாம், சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். அவருடையது 2013 மாடல். முழு சார்ஜில் 38 மைல் போகும். இந்த 38 என்ற எண்ணை அவர் வீட்டில் குழந்தைகள் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன்னால் கற்றுக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. 11 வருஷம் ஒரு கொரோலா வைத்திருந்தார். அதன் பானெட்டைத் திறக்கும் லீவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆயில் மாற்றுகிற பையன் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்தார். வோல்ட் வாங்கியதுகூட ஞானத் தேடலால் இல்லை. வாங்கினால் வருமான வரியில் 7,500 டாலர் கழியும் என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான். தள்ளுபடிக்குப் போனவர் தத்துவத்தில் விழுந்துவிட்டார்.

அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சாதாரணக் கார் பெட்ரோலைக் குடிக்கும், ஓடும், கேள்வி கேட்க ஒன்றுமில்லை. இதுவோ ஒரே வீட்டில் இரண்டு சம்பாத்தியம் உள்ள வண்டி. எப்போது யார் கையிலிருந்து செலவாகும் என்பதை வண்டியே முடிவு செய்கிறது. காரணம் சொல்லாமல் ஒருவர் காசைச் செலவழித்தால் நம்மவருக்குத் தூக்கம் வருமா? தோண்ட ஆரம்பித்தார்.

ஒரே மாதத்தில் பேட்டரியில் 288 செல் இருப்பதும், மொத்தம் 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பதும், அது ஆங்கில 'T' எழுத்து மாதிரி வண்டியின் நடுவிலும் பின்சீட்டுக்கு அடியிலும் படுத்திருப்பதும் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் அவருடைய வோல்ட்டில் 4 பேருக்கு மேல் உட்கார முடியாது. ஐந்தாவது ஆளாக யாராவது லிஃப்ட் கேட்டால், மன்னிப்புக் கேட்காமல் பேட்டரியின் படத்தை வரைந்து காட்டுவார். பேட்டரியின் கொள்ளளவு 16.5 யூனிட். ஆனால் வண்டி அதில் 11 யூனிட்டைக்கூட முழுசாகத் தொடவிடாது. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் எப்போதும் மிச்சம் வைக்கும். பேட்டரி நெடுநாள் உழைக்க அதுதான் வழி. "எங்கம்மா அரிசிப் பானையை அடிவரைக்கும் சுரண்டவே மாட்டாங்க, அதேதான்" என்று இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

வோல்ட்டின் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்ற அவருடைய ஆகச் சிறந்த சொற்பொழிவை நான் ஒரு பேப்பர் தட்டின் முன்னால் கேட்டேன். தட்டின் நடுவில் ஒரு லட்டு, லட்டைச் சுற்றி நாலு மெதுவடை, வெளியே தட்டின் விளிம்பு. "லட்டுதான் பெரிய மோட்டார். வடை சுத்தினா சக்கரம் சுத்தும். விளிம்பை கிளட்ச் இறுக்கிப் புடிச்சுக்கும்" என்று கட்டைவிரலால் விளிம்பை அழுத்தினார். வேகம் கூடக்கூட லட்டு தலைதெறிக்கச் சுற்ற வேண்டிவரும். அப்போது கிளட்ச் விளிம்பை விட்டுவிடும், சின்ன மோட்டார் ஒன்று வந்து அதைப் பிடித்துச் சுற்றும். லட்டுக்கு மூச்சு வாங்காது. பேட்டரி தீர்ந்த பிறகு 1.4 லிட்டர் இன்ஜின் வந்து அந்தச் சின்ன மோட்டாரோடு கைகோத்து கரண்ட் எடுக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் அப்படியே விளிம்பையும் ஒரு தள்ளு தள்ளும்.

இந்த ஒரு தள்ளுக்காக 2010 அக்டோபரில் அமெரிக்கக் கார் உலகமே இரண்டுபட்டது. இன்ஜின் சக்கரத்தைத் தொட்டுவிட்டால் இதை எப்படி எலெக்ட்ரிக் கார் என்று சொல்லலாம் என்று பத்திரிகைகள் சண்டைக்கு வந்தன. நம்மவர் அப்போது வோல்ட் வாங்கவே இல்லை. ஆனாலும் ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பில் இன்றுவரை வாதாடி வருகிறார். எதிர்க்கட்சியாக நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மகன் ஒரு வடையை எடுத்துத் தின்றுவிட்டான். விரிவுரை அத்தோடு நின்றது.

ஓட்டும்போது அவர் சாலையைப் பார்க்கிறாரா என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். டாஷ்போர்டில் ஒரு பச்சைப் பந்து மிதக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மஞ்சளாகி மேலே ஏறும், பிரேக்கை அழுத்தினால் மஞ்சளாகிக் கீழே இறங்கும். நடுவில் பச்சையாக நின்றால் ஓட்டுபவர் உத்தமர். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தாலும் பந்து அசையாது.

வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போய்வர 36 மைல். மிச்சம் 2 மைல்தான் அவருடைய சுதந்திரம். "ஏங்க, வர்ற வழியில கொத்தமல்லி ஒரு கட்டு" என்று மனைவி போன் செய்தால், இந்தியக் கடைக்குப் போய்த் திரும்ப 4 மைல் சுற்று என்று கணக்குப் போடுவார். ரசத்தில் கொத்தமல்லி இல்லாத நாட்களில் அந்த வீட்டு இன்ஜின் ஓடவில்லை என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, பேட்டரிக்கான கூலன்ட் அளவைப் பார்ப்பார். பால் பொங்குகிறதா என்று பார்க்கிற பதற்றம்தான். 2011-ல் அரசாங்கம் மோதிச் சோதித்துப் பார்த்த ஒரு வோல்ட், 3 வாரம் சும்மா நின்றுவிட்டுத் திடீரென்று தீப்பிடித்தது. கூலன்ட் கசிந்ததுதான் வினை. பிறகு கம்பெனி அந்த இடத்தைப் பலப்படுத்தி, அளவு குறைந்தால் காட்டிக்கொடுக்க ஒரு சென்சாரும் வைத்தது. சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று மனைவி சொன்னால், "சென்சாரை யார் பாக்கறது?" என்பார்.

பெட்ரோல் பங்கில் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்காதீர்கள். கதவில் உள்ள பட்டனை அழுத்தி, டேங்கில் சேர்ந்த அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்தால்தான் மூடி திறக்கும். அதற்குப் பிறகு அவர் போடுவது 2 காலன், பிரீமியம் பெட்ரோல். அதற்கு மேல் போட்டால் பழசாகிவிடுமாம். டேங்கில் உள்ள பெட்ரோலுக்குச் சராசரியாக ஒரு வயது ஆகிவிட்டால் வண்டி தானே இன்ஜினை ஓட்டி அதை எரித்துத் தீர்த்துவிடும். 6 வாரம் இன்ஜின் பக்கமே போகாமல் இருந்தால், கொஞ்சம் ஓட்டிக்கொள்ளட்டுமா என்று திரையில் அனுமதி கேட்கும். வேண்டாம் என்று அழுத்தலாம். மறுநாள் அது கேட்காமலே ஓட்டிக்கொள்ளும். அந்தப் பத்து நிமிஷமும் அவர் இழவு வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஜனவரியில் தஞ்சாவூரிலிருந்து மாமியார் வந்திருந்தார். ஹீட்டர் போட்டால் 38 மைல் 25 ஆகிவிடும் என்பதால், கிளம்புமுன் பிளக்கில் இருக்கும்போதே வீட்டுக் கரண்டில் வண்டியைச் சூடாக்கி, வழியில் சீட் ஹீட்டரோடு நிறுத்திக்கொள்வது நம்மவர் வழக்கம். முதுகு தோசைக்கல், மூக்கு ஐஸ். கோவிலுக்குப் போகும் வழியில் அந்த அம்மாள் இரண்டு சால்வைக்குள்ளிருந்து கேட்டார்:

"மாப்ளே, பெட்ரோல்தான் ஊத்தியிருக்கீங்களே, அப்புறம் எதுக்கு இந்த விரதம்?"

அவர் வாய் திறக்குமுன் முன்பக்கத்தில் ஒரு முனகல். வெளியே 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போய்விட்டால், பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும் வோல்ட் இன்ஜினைக் கிளப்பிவிடும். திரையில் குளிர்தான் காரணம் என்ற அறிவிப்பு வந்தது. கேவலம் நேர்ந்துவிட்ட மாதிரி மாப்பிள்ளை அதையே பார்த்தார். மாமியார் முன்சீட்டிலிருந்து கையை நீட்டி டாஷ்போர்டைத் தடவிக்கொடுத்தார்.

"இதுக்காவது எம்மேல இரக்கம் இருக்கே."

இப்போது அந்த வண்டிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. 300 மைல் போகும் முழு எலெக்ட்ரிக் கார்கள் தெருவுக்கு இரண்டு நிற்கின்றன. புதிதாக ஒன்று வாங்கலாமே என்று கேட்டேன். அதில் இன்ஜினே இல்லையே, எதை ஓடவிடாமல் தடுப்பது என்று கேட்டார். அவர் விற்கமாட்டார். ஜனவரியில் அவரோடு கோவிலுக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு கம்பளி எடுத்துப்போங்கள். சீட் ஹீட்டரை அவரே போட்டுவிடுவார்.