நட்சத்திரம் போடுகிறவர்களுக்கு ஒரு ஜன்னலோர விண்ணப்பம்

பெறுநர்:
ஓட்டல், உணவக அங்கீகார வகைப்படுத்தல் குழு,
சுற்றுலா அமைச்சகம், புது தில்லி.

பொருள்: கன்னியாகுமரியில் கடல் தெரியும் அறை – அளவுகோல் வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: கிடைக்கவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஐந்து நட்சத்திர ஓட்டலின் அறை 200 சதுர அடிக்குக் குறையக் கூடாது, மெத்தை பத்து சென்டிமீட்டராவது கனம் இருக்க வேண்டும், அறைக்கு வெளிப்பக்கமாக ஜன்னலோ காற்றோட்டமோ இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி வகுத்திருக்கிறீர்கள். முதுகு உள்ளவன் என்ற முறையில் மெத்தைக்கு நன்றி. ஆனால் கன்னியாகுமரிக்கு யாரும் மெத்தைக்காக வருவதில்லை. அந்த ஜன்னல் வழியாக என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதாமல் விட்டுவிட்டீர்கள். எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியின் மேல்தான் இங்கே மாடிக்கு மேல் மாடி எழும்பியிருக்கிறது.

தங்களிடம் நட்சத்திரம் வாங்குவது கட்டாயமில்லை, விருப்பப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பது தெரியும். நான் தங்கிய லாட்ஜுக்கு நட்சத்திரம் கிடையாது. இரவில் அண்ணாந்து பார்த்தாலும் கிடையாது. அவர்களுடைய போர்டு வெளிச்சம் அப்படி. இருந்தாலும் பெரியவர்கள் ஒரு அளவுகோல் போட்டால்தானே சின்னவர்கள் அதை மீறவாவது முடியும்?

ரிசப்ஷனில் நான்கு வகை சொன்னார்கள்: சீ ஃபேசிங், சீ வியூ, சைடு சீ வியூ, பார்ஷியல் சீ வியூ. வாடகைப் படி இறங்க இறங்கக் கடலும் இறங்கும் என்று புரிந்துகொண்டு, நடுத்தர வர்க்கத்துக்கு உரிய அடக்கத்தோடு பார்ஷியலை எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தால் பால்கனியின் கைப்பிடிச் சுவர் தெரிந்தது. எழுந்து நின்றால் அடுத்த லாட்ஜின் கறுப்புத் தண்ணீர் டேங்க். பால்கனி மூலையில் இடது தோளைச் சுவரோடு அழுத்திக் கழுத்தை நீட்டினால், ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கும் செல்போன் டவருக்கும் நடுவே நீலமாக ஒரு கீற்று. கடலா, யார் வீட்டு மாடியிலோ கட்டிய தார்ப்பாயா என்று குடும்பத்தில் விவாதம் வந்தது. அலை அடிக்கிறது, அதனால் கடல்தான் என்றேன். தார்ப்பாயும் காற்றில் அப்படித்தான் அடிக்கும் என்றாள் மனைவி. ரூம் பாய் வந்து தீர்த்து வைத்தான்: "சார், காலையில மொட்டை மாடிக்கு வந்துடுங்க, அங்க எல்லாம் தெரியும்." விடியற்காலை போய்ப் பார்த்தால் சீ ஃபேசிங்காரர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். அவர்கள் கண்ணாடியில் உப்புப் படிந்து, ஜன்னல் துருவேறித் திறக்கவில்லையாம்.

இனி சூரியன் விஷயம். இதில்தான் தங்கள் குழுவுக்கு வேலை அதிகம்.

விளம்பரப் படத்தில் ஜன்னலின் நட்டநடுவில் சூரியன் எழுகிறது. அது டிசம்பர் படமாக இருக்கலாம். சூரியன் தினமும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. கன்னியாகுமரியில் டிசம்பர் கடைசியில் அது நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி தெற்கே தள்ளி எழும். ஜூன் கடைசியில் அதே 24 டிகிரி வடக்கே. ஆக மொத்தம் 47 டிகிரிக்கு மேல் நகர்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டிக்குப் பத்து டிகிரி என்பது வானம் பார்க்கிறவர்களின் தோராயக் கணக்கு. அப்படியென்றால் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி. ஜன்னலோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. டிசம்பர் படத்தைப் பார்த்து மே விடுமுறைக்குப் பதிவு செய்கிறவர் சூரியனைப் பக்கத்து லாட்ஜின் சமையலறைப் புகைக்குழாய்க்குப் பின்னால் தேட வேண்டியதுதான்.

உதயம், அஸ்தமனம் இரண்டும் ஒரே அறையில் என்று சொல்கிறவர்களையும் நான் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். தெற்கு பார்த்த பால்கனியாக இருந்து, டிசம்பராகவும் இருந்தால், இடது ஓரத்தில் எழுவதையும் வலது ஓரத்தில் விழுவதையும் காணலாம். அதே பால்கனியில் ஜூனில் இரண்டுமே கிடையாது. வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் தெற்கையே பார்த்திருக்கிறது. இது போதாதென்று தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டின் மேகமும் வந்து போகிற ஊர் இது. மேகத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று பில்லின் அடியில் அச்சடித்தால் அதை மட்டும் நான் ஏற்றுக்கொள்வேன்.

வரி பற்றி ஒரு வார்த்தை. அது தங்கள் இலாகா அல்ல, ஆனாலும் அரசு ஒன்றுதானே. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. ரோட்டைப் பார்த்த அறை 7,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 370. அதே மெத்தை, அதே வாளி, கடல் பக்கமாக இருப்பதால் 200 ரூபாய் கூட்டி 7,600 என்றால் வரி 1,368. கடலைக் காட்டியதற்கு ஓட்டல்காரர் வாங்கியது 200. ஓட்டல்காரர் காட்டியதற்கு அரசு கூடுதலாக வாங்கியது 998. இவ்வளவு வாங்குகிற அரசு, கடல் தெரிந்ததா என்று ஒரு ஆளை அனுப்பியாவது பார்க்க வேண்டாமா?

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். 1610இல் இங்கிலாந்தில் ஆல்ட்ரெட் என்பவர், பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய பன்றித் தொழுவத்தின் மீது வழக்குப் போட்டார். நாற்றத்துக்கு நிவாரணம் உண்டு, வெளிச்சத்தை அடைத்தால் உண்டு, ஆனால் அழகான காட்சியை மறைத்தால் கிடையாது, அது தேவையல்ல, வெறும் இன்பம் என்று அந்த வழக்கில் சொல்லிவிட்டார்கள். நம் 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டமும் அந்த வழியில்தான் போகிறது: 20 ஆண்டு தடையில்லாமல் வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கோரலாம், காட்சிக்கு முடியாது. எனவே இன்று எனக்கு முன்னால் உள்ள காலி மனையில் நாளை ஒருவர் ஆறு மாடி எழுப்பினால், என் லாட்ஜ்காரர் செய்யக்கூடியது ஏழாவது மாடி கட்டுவதுதான். அவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். காலையில் டிரில் சத்தத்தில்தான் எழுந்தோம்.

நல்ல இடம் கிடைத்தவர்களும் இந்த ஊரில் சுகமாக இல்லை. ஊரிலேயே முதல்தரமான கிழக்கு பார்த்த சந்நிதி பகவதியம்மனுடையது. மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் திசை தப்பின என்பது ஐதிகம். அந்தக் கிழக்கு வாசல் வருஷத்தில் சில விசேஷ நாட்களில்தான் திறக்கிறது. நாமெல்லாம் வடக்கு வாசல் வழியாகப் போய்வருகிறோம். கடலுக்கு நடுவிலேயே இடம் பிடித்த வள்ளுவரோ 2000 ஜனவரி 1 முதல் கடலுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்து நிற்கிறார். 133 அதிகாரத்துக்கு 133 அடி உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து அவருக்குக் கிடைப்பது முழு லாட்ஜ் வியூ. 2024 டிசம்பரில் அவருக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வேறு திறந்துவிட்டார்கள். பாலம் தெரியும் அறை என்று ஐந்தாவதாக ஒரு வாடகைப் படி வருவதற்குள் தாங்கள் முந்திக்கொள்ள வேண்டும்.

ஆகவே விதியில் சேர்க்க வேண்டியதைப் பணிவுடன் சொல்கிறேன். காட்சியை அளக்கும்போது அதிகாரி பால்கனி மூலையில் நிற்கக் கூடாது. தலையணையில் தலை வைத்துப் படுத்திருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டுமென்றால் எத்தனை டிகிரி என்பதை வாடகை அட்டையில் போட வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் தைலம் இலவசம். விளம்பரப் படம் எந்த மாதம், எந்த மாடியில், முக்கியமாக எந்த லாட்ஜிலிருந்து எடுத்தது என்று குறிப்பிட வேண்டும். முன்னால் காலி மனை இருந்தால் அதன் உரிமையாளரின் உத்தேசத்தையும் சேர்த்து எழுதலாம். குறுக்கே நிற்கும் தண்ணீர் டேங்க் ஒவ்வொன்றுக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி; டேங்க் அவர்களுடையதாகவே இருந்தால் இருபது.

ஆய்வுக்கு ஜூன் மாதம் வாருங்கள். முன்கூட்டிக் கடிதம் போட்டுவிட்டு வந்தால் பூங்கொத்தோடு மேல்மாடி கிழக்கு மூலை அறையைத் தந்து, அன்று ஒரு நாளைக்கு டேங்கைக்கூட இறக்கி வைப்பார்கள். சாதாரணப் பெயரில், செல்போனில் பதிவு செய்து, இரவு பத்து மணிக்குப் பெட்டியும் குழந்தைகளுமாக வந்து இறங்குங்கள். ரிசப்ஷனில் "சார், சீ வியூ எல்லாம் ஃபுல், ஒரே ஒரு பார்ஷியல் இருக்கு" என்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பார்ஷியல் கட்டணம் முழுமையாகச் செலுத்தியவன்.

நகல்: ஜிஎஸ்டி கவுன்சில் – ரூ. 998க்கு ரசீதாவது தருமாறு.