இருட்டுக்குப் பஞ்சம்

வாடிப்பட்டியில் கிடைக்காத பொருள் எது என்று கேட்டால் இருட்டு என்பேன். தேங்காய் கிடைக்கும். சோழவந்தானிலிருந்து வெற்றிலை வரும். பெரியாறு கால்வாயில் முறை வைத்தாவது தண்ணீர் வரும். இருட்டு மட்டும் வராது. அதுதான் ராத்திரியானால் தானாக வருமே என்பவர்கள் ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து போட்டோ பிரிண்ட் போட்டுப் பார்க்காதவர்கள்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. கையில் ஒரு அக்ஃபா கிளிக் த்ரீ கேமரா. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு படம் விழும். மதுரையில் கடையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்டுடியோக்காரரிடம் பழைய என்லார்ஜரை விலை பேசி, மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் சமயநல்லூர் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சாறு பிழியிற மிஷினா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் இறங்கும்வரை விளக்கம் சொல்ல வேண்டும்.

வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் குதிர் அறை. நெல் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம், திரும்ப வேண்டுமென்றால் யோசித்துத் திரும்பலாம். கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடி ஓடு ஒன்று இருந்தது. அதன் மேல் சாக்கைப் போடப் போனபோது அப்பத்தா வழி மறித்தாள்.

"அதையும் மூடிட்டா லச்சுமி எங்கிட்டுடா வருவா?"

"வாசல் வழியா வரட்டும் அப்பத்தா."

"வாசல்ல ஒங்கப்பன்ல உக்காந்திருக்கான்."

இருட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழக, ஓட்டு இடுக்கு, கதவின் கீல், எலி வந்துபோகும் வழி, அணில் குடும்பம் நடத்தும் மூலை என ஒவ்வொன்றாக வெள்ளையாய்த் தெரியத் தொடங்கும். சாணி, களிமண், பழைய காலண்டர் அட்டை எல்லாவற்றையும் வைத்து அடைத்தேன். நான் அடைத்ததை அணில் மறுநாள் பிரித்துப் போட்டது. அதற்கும் அங்கே பாத்தியதை இருந்திருக்கும்.

பிரிண்ட் போடும் பேப்பருக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது என்பது நம் பக்கம் இருந்த ஒரே நல்ல செய்தி. சாமி படத்துக்கு மேலே எரிந்துகொண்டிருந்த சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பைக் கழற்றிக் கொண்டுபோனேன். எல்லாச் சிவப்பும் சிவப்பல்ல என்பதால் அதையும் சோதிக்க வேண்டும். பேப்பர் மேல் ஒரு காசை வைத்து, அந்த வெளிச்சத்தில் ஐந்து நிமிஷம் விட்டு, டெவலப்பரில் போட்டால் காசின் வட்டம் வெள்ளையாய் விழக் கூடாது. விழுந்தால் அந்த பல்பு சாமிக்குத்தான் லாயக்கு. வட்டம் விழவில்லை. காசையும் காணவில்லை. அண்ணன் மகன் எப்போது உள்ளே வந்தான், எப்போது போனான் என்று இன்றுவரை தெரியாது.

மத்திய அரசு 1960-ல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. 1967-ல் உற்பத்தி ஆரம்பமாகி, 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் நாடெங்கும் போயின. தூசியில்லாத காற்று, குளிர்ச்சி என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். அந்தக் குளிரில் பிறந்து, பெட்டிக்குள் கறுப்புக் காகிதம் சுற்றி, பொத்திப் பொத்தி வளர்ந்த பேப்பர், சித்திரை மாசம் வாடிப்பட்டியில் வந்து இறங்கினால் அதன் மனநிலை என்னவாக இருக்கும்? ஊட்டிப் பெண்ணைச் சமவெளியில் கட்டிக் கொடுத்த கதைதான்.

கெமிக்கல் கணக்கெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு எழுதியது. மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்ஃபைட், சோடியம் கார்பனேட், பொட்டாசியம் புரோமைடு, இவற்றைச் சேர்த்த டெவலப்பரில் 20 டிகிரியில் ஒன்றரை நிமிஷம் என்றால், நம்மூர்க் கத்திரியில் பேப்பர் உள்ளே போனதும் கறுக்க ஆரம்பித்துவிடும். பிலிம் இன்னும் மோசம். அதன் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். சூடான தண்ணீரில் ஊறி, கொழகொழத்து, ஓரத்தில் சுருங்கிக் கழன்றுகொள்ளும். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மத்தியானம் டீ போடப் போதுமான சூட்டில் வரும். ஐஸ் வாங்கலாம் என்றால், வண்டிக்காரரிடம் இருந்தது சேமியா ஐஸ்.

கடைசியில் வழி காட்டியது அப்பத்தாவின் குடிதண்ணீர்ப் பானை. மண்பானை வேர்த்து, அந்த ஈரம் காற்றில் காயும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு நல்லது. வறட்சியில் மதுரை ஜில்லாவிடம் யாரும் குறை சொல்ல முடியாது. ஈர மணல் பரப்பிய பெரிய மண்சட்டியில் ட்ரேயை உட்கார வைத்தேன். பானைத் தண்ணீரிலேயே டெவலப்பரைக் கரைத்தேன். 20 வரவில்லை. ஆனாலும் ஜெலட்டின் கழலாத அளவுக்கு வந்தது. அப்பத்தாதான் மூன்று நாள் பேசவில்லை.

இந்த அவஸ்தை எனக்கு மட்டும் வந்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்து கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக 1858-ல் மதுரைக்கு வந்து, மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். அப்போது பலரும் கண்ணாடித் தகட்டில், மருந்து ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவும் முறையில் இருந்தார்கள். நம்மூர் வெயிலில் அந்த ஈரம் என்ன ஆகும் என்று டிரைப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அவர் மெழுகு தடவிய காகித நெகடிவையே பயன்படுத்தினார். வானம் வெறுமையாய் விழுந்த நெகடிவில் பிரஷ்ஷால் மேகமும் வரைந்தார். மதுரையில் மேகம் வேண்டுமென்றால் நாமே வரைந்துகொள்ள வேண்டியதுதான். 1859-ல் வந்த கவர்னர் டிரெவெல்யன், இந்தப் படமெடுக்கும் வேலை வீண் ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டு டிரெவெல்யன் வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று முன்பே சொன்னேன்.

டெவலப்பருக்குக் காற்று ஆகாது. காற்றுப் பட்டால் வரக்காப்பி நிறத்துக்கு வந்து செத்துப்போகும். அதனால் வெளிச்சம் புகாத பழுப்பு பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி வைக்க வேண்டும். கொஞ்சம் செலவானால், குறைந்த அளவுக்குக் கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை மறுபடி கழுத்துக்கு ஏற்ற வேண்டும். இதில் விஞ்ஞானம் சரி. சமூகவியல்தான் இடித்தது. பழுப்பு பாட்டில் என்றால் ஊரில் பீர் பாட்டில். டாஸ்மாக் வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த காலம். காலி பாட்டில் தேடி அலைகிற வாலிபன், அவற்றை எடுத்துக்கொண்டு குதிர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறான். உள்ளே சிவப்பு வெளிச்சம், அசிட்டிக் ஆசிட்டின் புளிச்ச நெடி, நடுச்சாமத்தில் கண் சிவக்க வெளியே வருகிறான், விரல் நகமெல்லாம் கறுத்திருக்கிறது. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி சரக்குக் காய்ச்சுகிறான் என்றது. இன்னொன்று மாந்திரீகம் என்றது.

இரண்டாவது கட்சிக்குச் சாட்சியும் இருந்தது. டைமர் வாங்கக் காசில்லாததால் எக்ஸ்போஷருக்கு வாய்விட்டு எண்ணுவேன். சும்மா பத்துவரை எண்ணினால் போதாது. என்லார்ஜர் பல்பின் வெளிச்சம் வோல்டேஜைப் பொறுத்தது. வோல்டேஜ் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களைப் பொறுத்தது. கிழக்கே ஒரு மோட்டார் ஓடினால் பத்து செகண்டு பதிமூன்றாகும். மேற்கேயும் போட்டால் பதினாறு. ஆகவே முதலில் மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அப்புறம் எண்ண வேண்டும். நடுவில் ஒரு மோட்டார் நின்றுவிட்டால் பல்பு பிரகாசமாகிவிடும். உடனே எண்ணிக்கையைத் தள்ளுபடி செய்ய வேண்டும். "ஏழு, எட்டு, ஒன்பது... ஆறு!" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டால் வெளியே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? சித்தப்பா திருநீறு கொண்டுவந்தார்.

கழுவுகிற கதை இதைவிடப் பெரியது. அந்தக் காலத்து புரோமைடு பேப்பர் வெறும் காகிதம். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்தை நன்றாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் அலசாவிட்டால் நாளாவட்டத்தில் படம் பழுத்துவிடும். ஓடுகிற தண்ணீர், அதுவும் ஒரு மணி நேரம்! வீட்டில் கேட்டால் குடத்தை எடுத்து அடிக்க வருவார்கள். ஆகவே தோட்டத்துப் பம்புசெட் தொட்டிதான். த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது பிரிண்டுகளை வாளியில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஓடுவேன். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட, தொட்டிக்குள் சொந்தக்காரர்கள் எல்லாரும் மல்லாந்தும் குப்புறவும் சுற்றி வருவார்கள். சண்டைபோட்டுப் பத்து வருஷமாக முகம் பார்க்காத இரண்டு பங்காளிகள் அங்கே ஒட்டிக்கொண்டு கிடந்ததைப் பிரிக்க நான் பட்ட பாடு தனி.

ஒருநாள் தொட்டிக்குள் கிடந்தது பெரியப்பாவின் எட்டுக்குப் பத்து. தான் போனபிறகு மாலை போட வேண்டிய படத்தை முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்லியிருந்தார். "எம் மகன்களை நம்பி விட்டா, கல்யாண குரூப் போட்டோவில எவன் தலையையாவது வெட்டி மாட்டிப்புடுவானுக" என்பது அவர் வாதம். ஒரு வாய் டீ குடிக்கத் திரும்பியபோது யாரோ மடையைத் திறந்துவிட்டார்கள். பெரியப்பா வாய்க்காலில் இறங்கி, தென்னந்தோப்பைத் தாண்டி, வளைவில் திரும்பி, பக்கத்து வயலுக்குள் போய்ச் சேர்ந்தார். அந்த வயல்காரருக்கும் பெரியப்பாவுக்கும் வரப்புத் தகராறு. அவர் நேராகப் படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒங்க பெரியப்பா எங்க வயக்காட்டுல வந்து கெடக்காரு. வரப்பை அளக்க வந்தாரான்னு கேட்டுச் சொல்லு."

பெரியப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். சேறு பட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எதுவரைக்கும் போனேன்?" என்று மட்டும் என்னைத் தனியாகக் கேட்டார். வரப்பிலிருந்து நாலு அடி உள்ளே என்றேன். "அதான் நம்ம எல்லை. தண்ணிக்குத் தெரியுது" என்றார். அதற்கப்புறம் மடை வாயில் கொசுவலையைக் கட்டிவிட்டுத்தான் டீயில் வாய் வைப்பது.

படம் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் ஒரே குறை. கறுப்பாய் இருக்கிறோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று சொன்னால் அத்தை கேட்பதாக இல்லை. "இன்னும் ரெண்டு அலசு அலசுடா, வெளுத்துரும்" என்றாள். அதற்கும் வழி உண்டு. விளக்குமாற்றுக் குச்சி நுனியில் வட்டமாக வெட்டிய அட்டையைக் கட்டி, என்லார்ஜர் வெளிச்சத்துக்கும் பேப்பருக்கும் நடுவில், முகத்துக்கு மேலே மட்டும் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். நிழல் விழுந்த இடம் வெளுக்கும். ஆட்டாமல் நிறுத்தினால் ஓரம் தெரிந்துவிடும். அத்தை திருப்தியாகும்வரை ஆட்டினேன். முடிவில் கழுத்துவரை அத்தை, அதற்கு மேலே யாரோ சேட்டு வீட்டு அம்மாள். அத்தை அதைத்தான் கண்ணாடி போட்டு மாட்டினாள். மாமா ரொம்ப நாள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

இவ்வளவுக்கும் கதவு மட்டும் அடங்கவில்லை. நம் வீடுகளில் சாத்திய கதவு என்பது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்லும் அழைப்பு. நெல் அளக்க, வெங்காயம் எடுக்க, "சும்மாதான்" என்று சொல்ல, யாராவது வந்து திறப்பார்கள். ஒரு பேப்பர் பெட்டி திறந்திருக்கும் நேரத்தில் திறந்தால் அத்தனையும் போச்சு. "உள்ளே ஆள்" என்று எழுதி மாட்டினேன். எந்த ஆள் என்று பார்க்கத் திறந்தார்கள்.

விடிவு வந்தது வெள்ளியால். ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி 1819-லேயே கண்டுபிடித்த சங்கதி: ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைத்துவிடும். பேப்பரில் வெளிச்சம் படாமல் மிஞ்சிய வெள்ளியெல்லாம் ஹைப்போ தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. பழைய ஹைப்போவில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் தங்கும். மதுரை ஸ்டுடியோக்களில் இதைக் காசு கொடுத்து வாங்கிப்போக ஆட்கள் வருவார்கள். இதை ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். அப்பத்தா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"வெள்ளியா? அந்தச் சட்டியிலயா?"

"ஆமா அப்பத்தா."

"இத்தனை நாளா அதை வாசல்ல கொட்டுனியேடா பாவி!"

அளவை நான் சொல்லவில்லை. ஒரு சதுர மீட்டர் பேப்பரில் ஒன்றோ இரண்டோ கிராம். எட்டுக்குப் பத்துத் தாள் இருபது சேர்ந்தால்தான் ஒரு சதுர மீட்டர். அதிலும் ஒரு பங்கு படத்திலேயே நின்றுவிடும். ஒரு ஜோடி கொலுசுக்கு ஆயிரக்கணக்கில் பேப்பர் வேண்டும், அந்தப் பேப்பர் விலைக்குக் கொலுசுக் கடையையே பேசி முடிக்கலாம். அவள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து வெற்றிலை உரலைக் குதிர் அறை வாசலுக்கு மாற்றிக்கொண்டாள். யார் வந்தாலும் உரல் உலக்கை உயரும். "தட்டாதே! உள்ள வெள்ளி எடுக்குறான்." அப்பா உட்பட ஒருவரும் தாண்டவில்லை. அந்த வருஷம் போட்ட அளவு பிரிண்ட் நான் அப்புறம் போட்டதே இல்லை. மாந்திரீகக் கட்சியும் சரக்குக் கட்சியும் கலைந்து, ஊரில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. கைமாத்துக் கேட்டுக்கூட வந்தார்கள்.

எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது, பையன் என்ன செய்கிறான் என்று நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். அப்பா தொண்டையைக் கனைத்தார். அவருக்கு முந்திக்கொண்டு அப்பத்தா சொன்னாள்: "சொந்தமா வெள்ளி எடுக்குறான்."

பெண்ணின் தாய்மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாசம் எத்தனை கிலோ வருங்க?"

"அதெல்லாம் வெளிய சொன்னா கண்ணு படும்" என்றாள் அப்பத்தா.